எண்ணெய்ச் சட்டி ஏற்றாமல் சிக்கன் பார்மேசன்: ஒரு ராயபுரத்துச் சமையலறைப் பதிவு

தட்டையாகத் தட்டிய கோழி நெஞ்சுக்கறிக்கு மாவும் முட்டையும் ரொட்டித் தூளும் பூசி எண்ணெயில் பொரித்து, அதன்மேல் கெட்டியான தக்காளி சாஸும் இருவகைச் சீஸும் வைத்து ஓவனில் உருக்கி எடுப்பதுதான் சிக்கன் பார்மேசன். பெயரில் இத்தாலியின் பார்மா ஒலித்தாலும், இது அமெரிக்காவில் குடியேறிய இத்தாலியர்களின் கையில் உருவான உணவு. 1880க்கும் 1920க்கும் இடைப்பட்ட காலத்தில் சுமார் 40 லட்சம் இத்தாலியர்கள் அமெரிக்காவுக்குப் போனார்கள்; அவர்களில் பெரும்பாலோர் தெற்கு இத்தாலியின் ஏழை மக்கள். ஊரில் கத்திரிக்காயை வில்லைகளாக அரிந்து பொரித்து, தக்காளியும் சீஸும் அடுக்கிச் சுட்டுச் சாப்பிட்டவர்கள், இறைச்சி எளிதாகக் கிடைத்த புதிய நாட்டில் கத்திரிக்காய் இருந்த இடத்தில் கன்றிறைச்சியையும் கோழியையும் வைத்தார்கள். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த அத்தோ என்னும் நூடுல்ஸை பீச் ஸ்டேஷன் எதிரே நின்றபடியே வாங்கிச் சாப்பிட்டு வளர்ந்த வடசென்னைக்காரர்களுக்கு, இடம்பெயர்ந்த சமையல் புதிய ஊரின் கடைத்தெருவுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் என்பதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் வீட்டுக்கு இந்த உணவைக் கொண்டுவந்தவள் என் மகள். அதைக் குறைத்துச் செய்ய வேண்டிய கட்டாயத்தைக் கொண்டுவந்தவர் என் மாமனார். ரத்த அழுத்தமும் கொழுப்பும் இருப்பவர். பொரித்ததைத் தொடக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஆனால் வீட்டில் எல்லோரும் சாப்பிடும் ஒன்றைத் தான் மட்டும் சாப்பிடாமல் இருக்கும் வழக்கம் அவரிடம் இல்லை. முதல்முறை தட்டைப் பார்த்ததும், "இன்னாம்மா இது, கட்லெட்டு மேல தொக்கு ஊத்தி வச்சிக்கீற?" என்று கேட்டுவிட்டு இரண்டு துண்டு சாப்பிட்டார். அதற்குப் பிறகு, அவர் தாராளமாகச் சாப்பிடக்கூடிய ஒரு வடிவத்தைக் கண்டுபிடிப்பது என் வேலையாயிற்று.

எண்ணெயைக் குறைத்துவிடு என்று சொல்வது எளிது. வேறெதையும் மாற்றாமல் எண்ணெயை மட்டும் எடுத்துவிட்டு ஓவனில் வைத்தால், மேலே வெளுத்த மாவுப் போர்வையும் உள்ளே நார்நாராக வறண்ட கறியுமாகத்தான் வெளியே வரும். எண்ணெய் இந்த உணவில் வெறும் கொழுப்பாக இல்லை. அது சில வேலைகளைச் செய்துகொண்டிருக்கிறது. 175 டிகிரி செல்சியஸ் அளவில் காய்ந்த எண்ணெய், ரொட்டித் தூளின் ஒவ்வொரு மூலைக்கும் ஒரே சமயத்தில் சூட்டைக் கொண்டுசேர்க்கிறது. தூளில் உள்ள ஈரத்தை நீராவியாக விரட்டுகிறது. ஈரம் போன இடம் சிவந்து மணக்கிறது. இவை எல்லாம் இரண்டு மூன்று நிமிடங்களில் முடிந்துவிடுவதால் உள்ளே இருக்கும் கறிக்கு வறண்டுபோக நேரமே கிடைப்பதில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: துண்டு எண்ணெய்க்குள் இருக்கும்வரை வெளியேறும் நீராவியே எண்ணெயைப் பெரும்பாலும் தள்ளிவைக்கிறது, வெளியே எடுத்து ஆறத் தொடங்கும்போதுதான், மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயைத் தூளின் நுண்துளைகள் உறிஞ்சிக்கொள்கின்றன. நம் வீட்டு வடையும் பஜ்ஜியும் காகிதத்தில் வைத்த பிறகு எண்ணெய் கோத்துக்கொள்வதாகத் தோன்றுவது வெறும் தோற்றமல்ல. ஆகவே பொரிக்காமல் செய்வதானால், எண்ணெய் செய்துவந்த ஒவ்வொரு வேலைக்கும் வேறோர் ஆளைப் பிடிக்க வேண்டும். கீழே சொல்பவை யாவும் அந்த ஏற்பாடுகள்தாம்.

கோழியிலிருந்து தொடங்குகிறேன். கல்மண்டபம் சந்தைப் பக்கத்துக் கோழிக்கடைகளில் எலும்பில்லாத கறி கேட்டால் நெஞ்சும் தொடையும் கலந்து சிறு துண்டுகளாக வெட்டித் தந்துவிடுவார்கள். சில்லி சிக்கனுக்குத்தான் வாங்குகிறோம் என்பது அவர்களின் அனுமானம். கத்தி இறங்கும் முன்பே, "செஸ்ட் பீஸ் மட்டும், தோல் எடுத்து, வெட்டாம முழுசா குடுங்க" என்று சொல்லிவிட வேண்டும். அரை கிலோ எடைக்கு இரண்டு துண்டுகள் வந்தால் அது சரியான அளவு. ஒவ்வொன்றையும் பலகைமேல் வைத்து, மேலே உள்ளங்கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கத்தியைப் பலகைக்கு இணையாகப் படுக்கவைத்து ஊடே அறுத்தால் இரண்டு மெல்லிய தகடுகள் கிடைக்கும். அறுக்கும் முன் கறியை அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்தால் கத்தி வழுக்காது.

தகடுகளைத் தட்டுவதுதான் இந்தச் சமையலின் உயிர்நாடி என்று நான் கருதுகிறேன். நெஞ்சுக்கறியின் ஒரு முனை தடித்தும் மறுமுனை மெலிந்தும் இருக்கும். அப்படியே ஓவனில் வைத்தால் தடித்த முனை வேகும்போது மெலிந்த முனை காய்ந்து சருகாகிவிடும். அரை லிட்டர் பால் பாக்கெட்டின் மூன்று ஓரங்களை வெட்டி விரித்து, சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டால், தட்டுவதற்கு அதைவிடப் பொருத்தமான விரிப்பு வேறில்லை. மற்ற பிளாஸ்டிக் உறைகள் இரண்டாம் அடியிலேயே கிழிய, இது நான்கு துண்டுகளுக்கும் தாங்கும். அதன் ஒரு பாதியில் கறியை வைத்து மறுபாதியால் மூடி, பூரிக்கட்டையின் நடுப்பகுதியால், மையத்திலிருந்து ஓரத்தை நோக்கித் தள்ளித் தள்ளி அடிக்க வேண்டும். ஓங்கி அடித்தால் நார் பிரிந்து ஓட்டை விழும். அடி விழ விழ, இளஞ்சிவப்பாக உருண்டிருந்த கறி உறைக்குள் மெதுவாக அகன்று, நார்க் கோடுகள் ஒன்றிலிருந்து ஒன்று விலகுவது கண்ணுக்குத் தெரியும். எங்கும் ஒரு சென்டிமீட்டர் கனம் வந்ததும் நிறுத்திவிடலாம். மாடியில் குடியிருப்பவர்கள் மதியத் தூக்க நேரத்தைத் தவிர்ப்பது நல்லது, கீழ்வீட்டாரின் நிமித்தம்.

அரை கிலோ கறிக்கு அரைத் தேக்கரண்டி உப்பை இருபுறமும் தடவி அரை மணி நேரம் வைக்கிறேன். உப்பு முதலில் நீரை வெளியே இழுத்து, பிறகு அந்த நீரோடு சேர்ந்து உள்ளே போகும். அதனால் சுடும்போது கறி தன் ஈரத்தைச் சற்று இறுகப் பிடித்துக்கொள்ளும். கோழி என்றாலே தயிரில் ஊறவைக்கும் நம் வழக்கத்தை இங்கே கடைப்பிடிக்க வேண்டாம் என்பது என் கருத்து. தயிர் கறியை மிருதுவாக்கும் என்பது உண்மைதான். ஆனால் மேற்பரப்பு எப்போதும் ஈரமாகவே இருப்பதால் ரொட்டித் தூள் அடிப்பக்கத்தில் கூழாகிவிடுகிறது, புளிப்பும் தக்காளியின் புளிப்போடு சேர்ந்து எல்லை மீறுகிறது. மஞ்சள்தூளும் இஞ்சி பூண்டு விழுதும் அப்படித்தான். கை தானாக டப்பாவை நோக்கிப் போகும், தடுத்துக்கொள்ள வேண்டும்.

இனி ரொட்டித் தூள். பொரிக்கும்போது தூளைச் சிவக்கவைக்கும் வேலையை எண்ணெய் செய்தது. ஓவனின் உலர்ந்த காற்று அதே வேலையைச் செய்ய மிகுந்த நேரம் எடுக்கும், அதற்குள் கறி வெந்து தாண்டிவிடும். எனவே தூளைக் கோழியில் பூசும் முன்பே சிவக்க வறுத்துவிடுவதுதான் வழி. கோழி வேகட்டும், தூள் சிவக்கட்டும் என்று இரண்டையும் ஒரே அடுப்பில் ஒரே நேரத்தில் எதிர்பார்ப்பதை விட்டுவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடுகிறது. இதை உறுதிப்படுத்திக்கொள்ள, ஒரே தட்டில் ஒரு துண்டுக்குப் பச்சைத் தூளும் மற்றொன்றுக்கு வறுத்த தூளும் பூசிச் சுட்டுப் பார்த்தேன். கறி வெந்து முடிந்த நேரத்தில் முதலாவது மணலில் புரட்டிய அடை போல வெளுத்துக் கிடந்தது. இரண்டாவது பொரித்ததற்கு வெகு அருகில் வந்திருந்தது.

நம் ஊரில் கட்லெட்டுக்குப் பலரும் ரஸ்க்கைத்தான் பொடித்துக்கொள்கிறார்கள். ரஸ்க்கில் சர்க்கரை இருப்பதால் அது சீக்கிரம் சிவக்கும். எண்ணெயில் ஓரிரு நிமிடம் மட்டுமே இருக்கும் கட்லெட்டுக்கு அது வசதி. ஏற்கெனவே வறுத்து, மறுபடியும் 15 நிமிடத்துக்கு மேல் ஓவனில் இருக்கப்போகும் தூளுக்கு அதே சர்க்கரை பகையாகி ஓரங்களைக் கருக்கிவிடும், தக்காளியோடு சேரும்போது இனிப்பும் தனியே தெரியும். ஆகவே இனிப்புக் குறைந்த சாதாரண பிரெட்டே உகந்தது. பெரம்பூர்ப் பக்கம் ஆங்கிலோ இந்திய வீடுகளின் கட்லெட்டைச் சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு, பழைய ரொட்டியின் தூளுக்கு இருக்கும் முரட்டு மொறுமொறுப்பு நினைவிருக்கும். நமக்கு வேண்டியது அதுதான். நான்கு துண்டு பிரெட்டை ஓவனில் 100 டிகிரியில் ஈரம் போகும்வரை உலர்த்துகிறேன். மொட்டைமாடி வெயில் போதாதா என்று கேட்கலாம். கடற்காற்றும் துறைமுகத்து லாரிகள் கிளப்பும் தூசியும் சேர்ந்து வரும் எங்கள் தெருவில் அந்த யோசனை எடுபடாது.

உலர்ந்ததை மிக்சியில் விட்டுவிட்டு ஓட்டி, ரவையைவிடச் சற்றுப் பெரிதாக, நொய் பதத்தில் நிறுத்த வேண்டும். மாவாக அரைத்துவிட்டால் மேற்பூச்சு அடை போலப் படியும். இடைவெளிகள் இல்லாத இடத்தில் மொறுமொறுப்பும் இராது. 60 கிராம் தூளுக்கு ஒரு மேசைக்கரண்டி கடலை எண்ணெய் விட்டு, விரல் நுனிகளால் நன்றாகப் பிசறிய பிறகே இருப்புச்சட்டியில் இட வேண்டும். சட்டியில் எண்ணெயை ஊற்றி அதன்மேல் தூளைக் கொட்டினால் முதலில் விழுந்த கொஞ்சம் தூள் அத்தனை எண்ணெயையும் குடித்துவிடும். சிறு தீயில் கை விடாமல் கிளறினால், ஆறேழு நிமிடங்களில் வறுத்த கடலைப்பருப்பின் நிறம் வந்து, பேக்கரி வாசலில் வரும் மணம் எழும். அந்தக் கணமே தட்டில் கொட்டிவிட வேண்டும், இருப்புச்சட்டியின் சூடு அடுப்பை அணைத்த பிறகும் வறுத்துக்கொண்டே இருக்கும். ஆறியபின் அரைத் தேக்கரண்டி மிளகுத்தூளும் சிறிது காய்ந்த ஆர்கனோவும் சேர்த்துக் காற்றுப்புகாத டப்பாவில் போட்டுவிடுகிறேன். திறந்து வைத்தால் நவம்பர் மழைநாளில் ஒரு மணி நேரத்துக்குள் நமத்துப்போகும். அப்படிப் போனால் மறுபடி சட்டியில் ஒரு பிரட்டுப் பிரட்டினால் சரியாகிவிடும்.

தூளை ஒட்டவைப்பதற்கு மூன்று அடுக்கு. கறியின் ஈரத்தைத் துணியால் நன்றாக ஒற்றியெடுத்து, மைதாவுக்குப் பதில் நான்கு துண்டுகளுக்குமாக ஒன்றரை மேசைக்கரண்டி அரிசிமாவைத் தூவித் தட்டி உதறுகிறேன். மாவு திட்டாக நின்றால் அந்த இடத்தில் பூச்சு பிற்பாடு உரிந்து வரும். அடுத்து இரண்டு முட்டைகளின் வெள்ளைக்கரு மட்டும், நுரை வராமல் முள்கரண்டியால் அடித்தது. முட்டையின் கொழுப்பு முழுவதும் மஞ்சள்கருவில் இருக்கிறது, ஒட்டவைக்கும் பசையோ வெள்ளைக்கருவில் போதுமான அளவு இருக்கிறது. கடைசியாகத் தூள். புரட்டி எடுத்தால் போதாது. தூளின்மேல் கறியை வைத்து, மேலேயும் தூளைக் குவித்து, உள்ளங்கையால் ஓர் அழுத்து அழுத்தினால்தான் பிடிக்கும். ஒரு கை ஈரத்துக்கு, மறு கை தூளுக்கு என்று பிரித்துக்கொள்ளாவிட்டால் விரல்களும் பூச்சு பெற்றுவிடும்.

சாஸைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் நம் கை பழகிய தொக்கு இங்கே உதவவும் செய்கிறது, வழிதவறவும் வைக்கிறது. இத்தாலிய அமெரிக்கச் சமையலில் மாரினாரா எனப்படும் இந்தச் சாஸில் தக்காளி, பூண்டு, ஆலிவ் எண்ணெய், துளசி இனத்து இலை ஒன்று, உப்பு, இவ்வளவுதான். தெற்கு இத்தாலியின் சான் மார்சானோ வகைத் தக்காளி நீண்டு, சதைப்பற்று மிகுந்து, விதை குறைந்திருப்பதால் இதற்குப் பேர்போனது. நம் சந்தையில் பெங்களூர்த் தக்காளி சதைக்கு நல்லது, புளிப்புக்குப் போதாது; நாட்டுத் தக்காளி புளிப்புக்கு நல்லது, நீர் அதிகம். முன்னது அரை கிலோவும் பின்னது கால் கிலோவும் கலந்தால் சர்க்கரையோ வினிகரோ சேர்க்கத் தேவையில்லாத ஒரு சமநிலை கிடைக்கிறது. அடியில் சிலுவைக் கீறல் போட்டு, கொதிநீரில் ஒரு நிமிடம் இட்டு, தோலை உரித்துக்கொள்ள வேண்டும். விதையையும் அதைச் சுற்றியுள்ள வழுவழுப்பையும் எறிந்துவிடுவது தவறு. தக்காளிக்கு ஆழ்ந்த சுவையைத் தரும் குளுட்டமிக் அமிலம் சதையைவிட அந்த வழுவழுப்பில்தான் அதிகம். மிக்சியில் அரைப்பதையும் தவிர்க்கிறேன். காற்று கலந்து நுரைத்து, சிவப்பு நிறம் ஆரஞ்சாக வெளிறிவிடுகிறது; கையால் பிசைந்தால் நிறமும் நிற்கும், கடிபடச் சில துணுக்குகளும் மிஞ்சும்.

அடிகனமான எவர்சில்வர் பாத்திரம், அகலமானதாக இருந்தால் நீர் சீக்கிரம் வற்றும். தூளை வறுத்த இருப்புச்சட்டி இதற்கு ஆகாது, தக்காளியின் புளிப்பு இரும்பைத் தொட்டால் சாஸ் கருத்து இரும்பு வாடை அடிக்கும். ஒரு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெயில் ஆறு பல் பூண்டை மெல்லியதாகச் சீவிப் போட்டு, விளிம்பு பொன்னிறமாகும் முன்பே தக்காளியைச் சேர்க்க வேண்டும். பூண்டு சிவந்தால் கசப்பு ஏறி, எண்ணெய் குறைவான சாஸில் அது மறைய இடமே இருக்காது. பிறகு மிதமான தீயில் 35 முதல் 40 நிமிடம்.

எப்போது இறக்குவது என்பதில்தான் தொக்குப் பழக்கம் ஏமாற்றுகிறது. எண்ணெய் பிரிந்து ஓரத்தில் மினுங்கினால் பதம் வந்துவிட்டது என்று எல்லோரும் கற்றிருக்கிறோம். முக்கால் கிலோ தக்காளிக்கு ஒரே கரண்டி எண்ணெய் விட்டால் அந்த மினுக்கம் எத்தனை நேரமானாலும் வராது. அதற்காகக் காத்திருந்தால் அடிபிடிக்கும், பொறுமையிழந்து எண்ணெய் ஊற்றினால் எடுத்த வேலை வீண். எனவே வேறு அடையாளத்தைக் கவனிக்கிறேன். ஒரு கரண்டி சாஸைத் தட்டையான தட்டில் வைத்துவிட்டு ஒரு நிமிடம் பார்ப்பது. குவியலைச் சுற்றி வெளிர்நிற நீர் வளையம் கசிந்தால் இன்னும் வற்ற வேண்டும். கசிவே இல்லாமல் குவியல் தன் வடிவத்தில் நின்றால் இறக்கலாம். இந்த வளையம்தான் பிற்பாடு ரொட்டித் தூளுக்குள் இறங்கி அதைச் சொதசொதப்பாக்குவது, ஆகவே இந்தச் சோதனையில் சமரசம் கூடாது. கடைசியில் உப்பு ஒரு சிட்டிகை மட்டும். சீஸில் உப்பு இருக்கிறது, கறியிலும் போட்டாயிற்று, மாமனாரின் மாத்திரைக்கு மேலும் வேலை வைக்க வேண்டாம்.

இத்தாலியத் துளசி எனப்படும் பேசில் இலை பெரிய கடைகளில் சிறு பெட்டிகளில் வருகிறது. வாங்கிவந்த மறுநாளே கருத்துவிடும். அதே இனத்தைச் சேர்ந்த திருநீற்றுப்பச்சிலை நம்மிடமே இருக்கிறது, சர்பத்திலும் ஃபலூடாவிலும் மிதக்கும் சப்ஜா விதை இதன் விதைதான். தொட்டியில் தூவிவைத்தால் எங்கள் வீட்டு ஜன்னலோர வெயிலுக்கே தழைக்கிறது. மணம் இத்தாலிய வகையைவிடக் காரமானது, கிராம்பின் சாயல் உண்டு, ஆகவே பேசில் போடும் அளவில் பாதி போதும். அடுப்பை அணைத்த பிறகு கையால் கிள்ளிப் போட வேண்டும். பூஜைத் துளசியைப் போட்டால் சாஸில் தீர்த்தத்தின் வாசனை வந்துவிடும். காய்ந்த ஆர்கனோ தீர்ந்துபோன நாளில் கற்பூரவல்லி இலை ஒன்றைப் பொடியாக அரிந்து சேர்த்திருக்கிறேன். ஆர்கனோவுக்கு மணம் தரும் கார்வக்ரால் என்னும் பொருள் கற்பூரவல்லியிலும் இருப்பதால் அது பொருந்தவே செய்கிறது. இரண்டு இலை போட்டால் சளிக்குக் காய்ச்சிய கஷாயம் நினைவுக்கு வரும்.

சீஸில் கைவைக்காமல் கொழுப்பைக் குறைக்க முடியாது, ஆனால் சீஸே இல்லாவிட்டால் இதை இந்தப் பெயரால் அழைக்கவும் முடியாது. மொசரெல்லாவைத் துண்டுக்கு 20 கிராமாகவும், பார்மேசனை 5 கிராமாகவும் வரையறுத்துக்கொண்டேன். மொசரெல்லா இழுபடுவதற்கு, பார்மேசன் சுவைக்கு. அசல் பார்மிஜானோ ரெஜ்ஜானோ குறைந்தது 12 மாதம் முதிரவைக்கப்படுவது. முதிர முதிர நீர் குறைந்து சுவை செறிவதால், மெல்லிய துருவலாக ஒரு தேக்கரண்டி தூவினாலே நாக்கில் நிற்கும். கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும், பாலை உறையவைக்கும் ரென்னட் கொண்டு அதைச் செய்கிறார்கள் என்பதைச் சைவ நண்பர்களுக்குப் பரிமாறுவோர் அறிந்திருப்பது நல்லது. பச்சைப் புள்ளியோடு இங்கேயே தயாராகும் பார்மேசன் வகைகளும் கிடைக்கின்றன. ஆர்கனோவும் மிளகாய்ச் செதிலும் சௌகார்பேட்டைப் பக்கம் சில்லறையாக வாங்கிக்கொள்ளலாம். மொசரெல்லாவைத் துருவியே விற்கும் பாக்கெட்டில், ஒட்டாமல் இருக்க மாவுச்சத்து தூவியிருப்பார்கள்; கட்டியாக வாங்கி, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சூட்டோடு சூடாக, அதாவது அந்தக் குளிரிலேயே துருவினால் குறைந்த அளவும் பரவலாக உருகும்.

எங்களிடம் இருப்பது ஓ.டி.ஜி. எனப்படும் சிறிய மின்சார ஓவன். மேல் கம்பி, கீழ் கம்பி இரண்டையும் போட்டு 220 டிகிரியில் 15 நிமிடம் முன்கூட்டியே சூடேற்ற வேண்டும். குமிழில் எழுதியிருக்கும் டிகிரியை நான் நம்புவதில்லை. கோடை இரவுகளில் தெரு முழுக்க ஏசி ஓடும்போது மின்னழுத்தம் இறங்கி, அதே குமிழ் நிலையில் கம்பி மங்கலாகவே எரியும். உள்ளே தொங்கவிடும் சிறு வெப்பமானி ஒன்று இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவைத்தது. கறித் துண்டுகளைத் தகரத் தட்டில் வைக்காமல் கம்பித் தட்டில் வைத்து, சொட்டுவதற்குக் கீழே தகரத் தட்டைச் செருகுகிறேன். தட்டில் வைத்தால் கறியிலிருந்து வரும் நீராவி அடியிலேயே சிக்கிக்கொண்டு கீழ்ப்பூச்சை நனைத்துவிடும். கம்பியில் வைத்தால் திருப்பிப் போடவும் தேவையில்லை. கம்பிமேல் எண்ணெய்த் துணியால் ஒரு துடை துடைத்துவிட்டால் ஒட்டாது.

12 முதல் 14 நிமிடத்தில் தடித்த இடத்தில் கறிக்கான வெப்பமானியைக் குத்திப் பார்த்தால் உள்வெப்பம் 70 டிகிரியை ஒட்டி இருக்கும். இப்போது வெளியே எடுத்து, ஒவ்வொரு துண்டின் நடுவிலும் ஒன்றரை மேசைக்கரண்டி சாஸ், அதன்மேல் மொசரெல்லா, அதற்கு மேல் பார்மேசன். சுற்றிலும் இரண்டு விரல் அகலம் வெறும் மேற்பூச்சாகவே விட்டுவிட வேண்டும். உணவகங்களில் துண்டு முழுவதையும் சாஸில் முழுக்காட்டிவிடுகிறார்கள். அத்தனை எண்ணெய் செலவழித்து வரவழைத்த மொறுமொறுப்பை ஏன் இப்படி ஊறவைக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. பிறகு மேல் கம்பியை மட்டும் எரியவிட்டு மூன்று நான்கு நிமிடம். சீஸ் உருகி ஆங்காங்கே பழுப்புப் புள்ளி விழும்போது உள்வெப்பம் கோழிக்குப் பாதுகாப்பான 74 டிகிரியைத் தொட்டிருக்கும். மீதி சாஸைச் சூடாக்கித் தட்டில் முதலில் பரப்பி, அதன்மேல் சாய்வாகத் துண்டை வைத்துப் பரிமாறுகிறேன்.

கணக்குப் பார்க்கலாம். ஒரு துண்டுக்குக் கறி சுமார் 120 கிராம், தூள் 15 கிராம், அரிசிமாவு கொஞ்சம், தூளில் பிசறிய எண்ணெயின் கால் பங்கு, இரண்டு சீஸும், தட்டில் வரும் சாஸும் சேர்த்துக் கூட்டினால் 350 முதல் 375 கிலோகலோரிக்குள் அடங்குகிறது, புரதம் 35 கிராமை ஒட்டி வருகிறது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் மட்டும் சுமார் 120 கிலோகலோரி இருக்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், பொரித்த துண்டு ஒன்று எவ்வளவு குடித்திருக்கும் என்பதை அவரவரே ஊகித்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் இதோடு ஒரு குவியல் ஸ்பகெட்டியையும் வைப்பது வழக்கம். நான் அதைப் பாதியாகக் குறைத்து, மீதி இடத்தில் ஆவியில் வெந்த பீன்ஸை மிளகும் எலுமிச்சைச் சாறும் தெளித்து வைக்கிறேன். மாமனார் ஸ்பகெட்டியைத் தொடுவதில்லை. தட்டில் சாஸ் மிஞ்சினால் சப்பாத்தி கேட்பார்.

ஓவன் இல்லாத வீட்டிலும் இதைச் செய்யலாம். தூள் முன்னமே வறுபட்டிருப்பதால் தோசைக்கல்லுக்குச் சிவக்கவைக்கும் பொறுப்பு இல்லை. அரைத் தேக்கரண்டி எண்ணெய் தடவி, சிறு தீயில் பக்கத்துக்கு நான்கைந்து நிமிடம் வேகவிட்டு, சாஸும் சீஸும் வைத்த பிறகு ஒரு நிமிடம் மட்டும் மூடினால் சீஸ் உருகிவிடும். அதற்கு மேல் மூடியில் கோக்கும் நீர் சொட்டிவிடும். ஏர் ஃபிரையரில் 190 டிகிரியில் 10 நிமிடம் போதும், ஆனால் அதன் விசிறி ஒட்டாத தூளையெல்லாம் பறக்கடித்துவிடும் என்பதால் தூள் பூசிய துண்டுகளைக் கால் மணி நேரம் ஃப்ரிட்ஜில் இறுகவிட வேண்டும்.

மிஞ்சிய துண்டுகளைச் சாஸ் வைக்காமல் தனியே எடுத்துவைப்பது நல்லது. மறுநாள் ஓவனில் எட்டு நிமிடம் சூடேற்றி, பேக்கரி பன்னை நடுவில் கீறி, சாஸைத் தடவிச் செருகித் தந்தால் பள்ளிக்குக் கொண்டுபோகலாம். அமெரிக்கக் கடைகளிலும் இதை நீள ரொட்டிக்குள் வைத்து விற்பதுண்டு. சாஸ் ஃப்ரிட்ஜில் நான்கைந்து நாள் தாங்கும்.

புரட்டாசி வந்துவிட்டால் எங்கள் வீட்டில் கோழி கிடையாது. அந்த மாதத்தில் இந்த உணவு தன் மூதாதையின் வடிவத்துக்குத் திரும்பிவிடுகிறது. கத்திரிக்காய் நம் பக்கத்துக் காய், அரபியர் வழியாகத்தான் சிசிலிக்குப் போனது என்பதால் அந்நியமாகவும் தோன்றுவதில்லை. பெரிய கத்திரிக்காயை அரை அங்குல வில்லைகளாக அரிந்து, உப்புத் தடவி அரை மணி நேரம் வைத்துப் பிழிந்தால் நீர் போய், கடற்பஞ்சு போன்ற அதன் சதை சுருங்கி எண்ணெய் குடிப்பதும் குறைகிறது. முட்டையும் அந்த மாதத்தில் ஆகாததால், கார்ன்ஃப்ளார் எனப்படும் சோளமாவை நீரில் கெட்டியாகக் கரைத்து அதில் தோய்த்துத் தூளில் புரட்டுகிறேன். கத்திரிக்காய்க்கு வேகும் வெப்பத்தைப் பற்றிய பயம் இல்லை என்பதால் 200 டிகிரியில் 25 நிமிடம் நிதானமாக விடலாம். கத்தி நுனி தடையின்றி இறங்கினால் சாஸும் பச்சைப் புள்ளிச் சீஸும் வைத்து மேல் கம்பியில் முடித்துவிடலாம்.